இரண்டு ஓடைகளுக்கு நடுவே தோசை மா

நீங்கள் இப்போது மூன்று திரைகளை வைத்துக்கொண்டு மழை பார்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. நான் சேர்ந்தபோது நம் அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு யன்னல். அதுவும் பக்கத்துக் கடைச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. மெல்பேர்ணில் மழை பெய்கிறதா என்று அறியவே நான் எழுந்து வாசலுக்குப் போகவேண்டும். ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் வானத்தைப் பற்றி மட்டும் வாடிக்கையாளர்களிடம் தயங்காமல் பேசுவேன்.

என் முதுகு என்னை முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டது. அதைத் தனியாக விடக்கூடாதென்று நானும் போய்விட்டேன். அன்றிலிருந்து உங்கள் மேலாளர், புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபடி இருக்கிறார். வண்டிச் சக்கரத்தில் எவ்வளவு காற்று, எந்த மணலில் எந்தக் கியர் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் கைப்பேசியில் ஒரு பிள்ளை சொல்லித் தரும். கைப்பேசியில் கிடைக்காத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

நம் தொழிலின் அடிப்படை சுலபமானது. குடும்பங்கள் தங்கள் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை ஓட்டிக்கொண்டு பின்னால் வரும். நாம் முன்னால் போவோம். நாம் விற்பது வழி இல்லை; வழி எல்லோருக்கும் தெரியும். நாம் விற்பது ‘இப்போது போகலாம்’, ‘இப்போது போகக்கூடாது’ என்ற இரண்டு வாக்கியங்கள். கோடையில் உள்நாடு அடுப்பு. டிசம்பரில் போகவேண்டும் என்று கேட்பவரை ஒவன் கதவைத் திறந்து முகத்தில் அடிக்கும் காற்றைச் சற்று ரசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஜூலைக்கு மாறிவிடுவார். ஜூலையிலோ வானம் நீலமாக இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், எல்லாம் படத்தில் பார்த்தது போலவே இருக்கும். ஆனால் எங்கோ ஒரு மலையில் மழை கொட்டினால், ஒரு சொட்டு விழாத உங்கள் வழியில் ஆறு வந்து நிற்கும். அதனால்தான் நான் எந்தப் பயணத்திலும் ஒரு சும்மா நாளைச் சேர்த்து வைப்பேன். ஒன்றும் பார்க்காத, எங்கும் போகாத நாள். வெள்ளைக்காரர்கள் அதைக் கேள்வி கேட்பதில்லை. அவர்களுக்குச் சும்மா இருப்பது ஒரு பொழுதுபோக்கு. நம் ஆட்களிடம் அதை விற்பது கடினம்.

“சும்மா ஒரு நாளோ?” என்று சிவநேசன் அண்ணை கேட்டார். “சும்மா இருக்கிறதெண்டால் கிரெய்கிபர்னில எங்கட வீட்டில இருக்கலாமே தம்பி.”

அவர் ஒரு கணக்காளர். ஊரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் கணக்காளர்தானா என்றும் கேட்டுவிடாதீர்கள். அவர், மனைவி, மகள் தாரணி ஒரு வண்டி. பத்மா அக்கா, கணவர், மகன் கிரிஷான் இன்னொரு வண்டி. முன்னால் நான். ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கமாகச் சுற்றி வரும் பயணம். இரண்டு குடும்பங்களும் இது வெறும் சுற்றுலா என்று என்னிடம் தனித்தனியாக, நான் கேளாமலே, இரண்டு மூன்று தடவை சொன்னார்கள். அப்படியென்றால் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று பொருள். பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் பார்த்துப் பேசிப் பழகியிருந்தார்கள். பெற்றோர்தான் இன்னும் பெண்பார்க்கும் கட்டத்தில் இருந்தார்கள். நம் பழைய இலக்கணம் பாலை நிலத்துக்குப் பிரிவை ஒதுக்கி வைத்திருக்கிறது. இவர்கள் அதே பாலைக்குச் சேர்வதற்காகப் போனார்கள். இலக்கணம் எழுதியவர்களிடம் சற்றிலைற் தொலைபேசி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புறப்படுவதற்கு முன் சிவநேசன் அண்ணை வீட்டு ஹோலில் எல்லோரையும் இருத்தி வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். கடைசிக் கேள்வி நோய் பற்றியது: “ஆருக்கும் ஏதும் வருத்தம், தினம் எடுக்கிற மருந்து ஏதும் இருக்கே?”

“எங்களுக்கென்ன வருத்தம்!” என்றார் பத்மா அக்கா. “கடவுள் புண்ணியத்தில எல்லாரும் கல்லு மாதிரி.”

“எங்கட பக்கமும் அப்பிடித்தான்,” என்றார் சிவநேசன் அண்ணை உடனே. “எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை.”

நான் வருத்தம் கேட்டேன். அவர் பரம்பரை சொன்னார். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் வடையில் கவனமாக இருந்தேன்.

உங்களுக்கு உண்மையை இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் அப்போது அறியாததை நீங்கள் அறிந்துகொண்டே வாருங்கள். சிவநேசன் அண்ணைக்குச் சீனி வருத்தம். தினம் காலையில் இன்சுலின் போடுகிறவர். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் ‘பெண்ணுக்கும் வரும்’ என்று பேச்சு நின்றுவிடும் என்று பயந்து, இன்சுலின் பேனாக்களை ஒரு வெற்றுத் தயிர்ப் பெட்டிக்குள் ஒளித்து, அந்தப் பயணத்தில் இருந்த ஒரே பிரிட்ஜான என் வண்டிப் பிரிட்ஜின் அடியில் வைத்துவிட்டார். தினமும் விடியவே எழுந்து, “தம்பிக்கு ஒரு உதவி” என்று சொல்லி, பிரிட்ஜை ஒழுங்குபடுத்துவார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நானும் நினைத்தேன்.

அதே பிரிட்ஜில் பத்மா அக்காவின் தோசை மாவும் இருந்தது. பெரிய வாளி. அவர் பாலைவனத்துக்குப் போகிறார் என்பதற்காகப் பாணும் ஜாமும் தின்கிற பெண் இல்லை. கிறவல் வீதியின் சரளைக் கற்களில் நாள் முழுக்கக் குலுங்கிய மா, பிரிட்ஜுக்குள்ளும் தன் குணத்தைக் காட்டியது. மாலை முகாமில் பிரிட்ஜைத் திறந்தவர் கத்தினார்.

“தம்பி! மா பொங்கி வழியுது! உம்மட பிரிட்ஜ் முழுக்கப் புளிக்கப் போகுது!”

நான் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தேன். “குளிரைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ அக்கா.”

“கூட்டிப்போட்டன்!” என்றார். நன்றாகவே கூட்டியிருந்தார். கைக்கு எட்டிய கடைசி எண் வரைக்கும்.

அந்த முகாம் இரண்டு ஓடைகளுக்கு நடுவே இருந்தது. ஒன்றைப் பிற்பகலில் கடந்து வந்திருந்தோம். மற்றது முன்னால், காலை கடக்கவேண்டியது. ஓடை என்றால் நீங்கள் தண்ணீரை நினைக்கவேண்டாம். இரண்டும் காய்ந்த மணல் படுக்கைகள். சிவநேசன் அண்ணை முதல் ஓடையின் முன் வண்டியை நிறுத்தி, இறங்கி, காய்ந்த மணலைக் குறுக்கே நடந்து பார்த்து, திரும்ப நடந்து வந்து, மனைவியிடம் ஆலோசித்து, பிறகுதான் ஓட்டினார். அவர் அப்படிப்பட்ட ஆள். நகரத்தில் பச்சை விளக்குக்கே ஒரு தடவை நின்று யோசிப்பவர்.

பொழுதுபடும்போது மேற்கே மலைப்பக்கம் மின்னியது. எங்களுக்கு ஒரு தூறலும் இல்லை. காலையில் இரண்டு ஓடைகளிலும் கோப்பி நிறத் தண்ணீர், மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு போனது. முன்னுக்கும் போகமுடியாது, பின்னுக்கும் போகமுடியாது.

இதில் பதற ஒன்றுமில்லை. மலையில் பெய்தது மலையிலேயே நின்றுவிட்டால், இந்த வகை ஓடைகள் வந்த வேகத்திலேயே வடியும். எங்களிடம் தண்ணீர் இருந்தது, உணவு இருந்தது, மேடான நல்ல நிலம் இருந்தது, ஒரு சும்மா நாளும் கையில் இருந்தது. தண்ணீர் விளிம்பில் ஒரு தடியைக் குத்தி வைத்தேன். தண்ணீர் தடியை விட்டு விலகினால் வடிகிறது. தடியைத் தாண்டினால் ஏறுகிறது. நம் தொழிலில் இதைவிட நவீனமான கருவி இன்னும் வரவில்லை.

“இண்டைக்கு எல்லாரும் சும்மா இருக்கிறம்,” என்று அறிவித்தேன்.

பத்மா அக்கா உறைந்த மாவைக் கத்தியால் குத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் ஓடையைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, ஓடை இல்லாத திசையில் நடந்தார்கள். சிவநேசன் அண்ணை மட்டும் பிரிட்ஜ் பக்கமிருந்து வந்தார். முகம் சாம்பல் நிறம். அவர் தயிர்ப் பெட்டியைத் திறந்து, பேனாக்கள் ஐஸ் குச்சிகளாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. உறைந்த இன்சுலின் வெறும் தண்ணீருக்குச் சமம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“தம்பி, உந்தத் தண்ணி முழங்கால் அளவுதான்,” என்றார். “அடிச்சு விட்டால் அங்கால போயிடலாம்.”

நான் சிரித்தேன். “அண்ணை, நேற்றுக் காய்ஞ்ச மண்ணையே நீங்கள் ரெண்டு தரம் நடந்து பாத்தனீங்கள்.”

“அது நேற்று. மனிசன் எண்டால் ஒரு துணிவு வேணும்.”

பத்மா அக்காவின் கணவர், அதிகம் பேசாதவர், மெச்சுதலாகத் தலையசைத்தார். தங்களுக்கு வரப்போகும் சம்பந்தி இவ்வளவு தைரியசாலியா என்று அவர் நினைத்திருக்கலாம். நான் மறுத்துவிட்டேன். தண்ணீருக்குள் நடந்து கடக்க முடியாத இடத்தில் வண்டியை விடக்கூடாது; இழுத்துப் போகிற தண்ணீரில் முழங்கால் அளவும் போதும், வண்டியைப் புரட்டிவிடும். இதை நீங்கள் எல்லோரும் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள்.

அன்று முழுக்க அவர் என்னை விடவில்லை. பத்து மணிக்குக் கேட்டார், மதியம் கேட்டார், தேநீருக்குக் கேட்டார். நடுநடுவே தண்ணீர் குடித்தார், பற்றைக்குப் பின்னால் போனார், திரும்பி வந்து மறுபடி தண்ணீர் குடித்தார். வெயில் என்று நினைத்தேன். ஜூலையில் என்ன வெயில்? நினைப்பதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். அன்று அந்தச் சம்பளம் வீண்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கிரிஷானின் குரல் கேட்டது. “அங்கிள்! வோட்டர் இறங்கிட்டுது!”

எல்லோரும் ஓடினோம். உண்மைதான். தடி மேட்டில் நின்றது. தண்ணீர் அதற்கு நல்ல பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிக் கீழே ஓடியது. பத்மா அக்கா கைதட்டினார். சிவநேசன் அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நான் சொன்னன்தானே,” என்றார். குரல் உலர்ந்திருந்தது. எல்லோரும் மூட்டை கட்டத் திரும்பினார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தலைவனாக இருப்பவன் எல்லோருக்கும் பிடித்த முடிவை எடுக்கக் கிடைக்கும் சந்தர்ப்பம் எப்போதாவதுதான் வரும்.

ஆனால் நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர் பின்வாங்கினால் சும்மா போகாது. கறுத்த ஈரச் சேற்றையும் வரிசையாக ஒதுங்கிய செத்தைகளையும் விட்டுவிட்டுத்தான் போகும். தடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்தது காய்ந்த சிவப்புப் புழுதி. அதில் முதல்நாள் கிரிஷான் நடந்த சப்பாத்துத் தடம்கூட அழியாமல் இருந்தது. அந்த இடத்தை எந்தத் தண்ணீரும் தொட்டதே இல்லை. தண்ணீர் இறங்கவில்லை. தடி ஏறியிருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் செய்ய நினைப்பதைத்தான் நானும் செய்ய நினைத்தேன்: “ஆர் இதைப் பிடுங்கி நட்டது?” என்று உரத்துக் கேட்பது. கேட்டிருந்தால் ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள், நான் வென்றிருப்பேன், ஒரு மனிதர் செத்தும் போயிருக்கலாம். பச்சை விளக்கில் நின்று யோசிப்பவர், வெள்ளத்தில் ஏழு உயிர்களை இறக்கத் தடியைப் பிடுங்கி நடுகிறார் என்றால், அவருக்குத் தண்ணீரைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னால் நிற்கிறது. கோழை திடீரென்று வீரனாகும்போது அவனோடு வாதாடாதீர்கள். எது துரத்துகிறது என்று கேளுங்கள்.

“அண்ணை, வாங்கோ, மற்ற ஓடையை ஒருக்காப் பாத்திட்டு வருவம்,” என்று அவரை மட்டும் கூட்டிக்கொண்டு நடந்தேன். முகாம் கண்ணுக்கு மறைந்ததும் நின்றேன்.

“தடியை நீங்கள்தான் மாத்தினனீங்கள். அதுக்கு நான் கோவிக்கேல்ல. என்ன நடந்தது?”

அவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாம் வந்தது: சீனி, தயிர்ப் பெட்டி, உறைந்த பேனாக்கள், நேற்றும் இன்றும் ஊசி இல்லை, தலை சுற்றுகிறது.

“தாரணிக்குத் தெரியுமோ?”

“எனக்கு வருத்தம் இருக்கிறது தெரியும். மருந்து பழுதாப் போனது தெரியாது. தம்பி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். இவ்வளவு தூரம் வந்த சம்பந்தம். என்னால பிள்ளையின்ர வாழ்க்கை குழம்பக்கூடாது.”

“உங்களை இழந்துபோட்டு அவள் சந்தோசமாக் கலியாணம் கட்டுவாளோ?”

“நீர் கதைக்கிறது சரி. ஆனா நீர் பெம்பிளைப் பிள்ளை பெத்தனீரோ?”

எனக்குப் பிள்ளைகளே இல்லை. அந்த வாதத்தில் நான் தோற்றேன்; ஆனால் வேலையில் தோற்க முடியாது. அங்கேயே அவரை நிழலில் இருத்தி, சற்றிலைற் தொலைபேசியில் அவசர மருத்துவர்களைக் கூப்பிட்டேன். ஒரு பெண் மருத்துவர். நிதானமான குரல். அண்ணையிடம் இருந்த சிறு கருவியில் சீனி அளவைப் பார்க்கச் சொன்னார்; எண்ணைக் கேட்டதும் இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். உறைந்ததைத் தொடவே வேண்டாம், தண்ணீர் குடிக்கட்டும், வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே ஹெலிகொப்ரர் அனுப்புவோம், மதியம் வரை பார்ப்போம் என்றார். பிறகு கேட்டார்:

“உங்கள் குழுவில் வேறு யாராவது இன்சுலின் போடுகிறார்களா?”

“இல்லை டொக்டர். புறப்படும்போதே கேட்டேன்.”

“எப்படிக் கேட்டீர்கள்?”

“எல்லோரையும் ஒன்றாக இருத்தி.”

அவருடைய இத்தனை வருட அனுபவமும் அடுத்த இரண்டு சொற்களில் இருந்தது. “மறுபடி கேளுங்கள்,” என்றார்.

அண்ணையின் காதில் ஹெலிகொப்ரர் என்ற சொல் மட்டும் விழுந்திருந்தது. “ஐயோ, ஹெலி வேண்டாம் தம்பி. வானத்தால வந்து ஏத்தினால் மெல்பேர்ண் முழுக்கத் தெரிஞ்சுபோம்.”

“அண்ணை, இப்ப ஒழுங்காக் கேளுங்கோ. மத்தியானத்துக்குள்ள வேற வழி கிடைச்சால் உங்கட ரகசியம் எனக்குள்ளயே இருக்கும். கிடைக்காட்டி ஹெலி வரும். நீங்கள் மயங்கினால் இப்பவே வரும். அதை நான் உங்களிட்டக் கேட்கேல்ல, சொல்லுறன்.”

அவர் தலையாட்டினார். யாரோ ஒருவர் முடிவெடுத்துவிட்டதில் அவருக்கு ஆறுதல் என்று முகம் சொன்னது. நினைவில் வையுங்கள்: பயந்தவருக்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய உதவி, ‘உங்கள் விருப்பம்’ என்று சொல்லாமல் இருப்பது.

திரும்பி நடக்கும்போது யோசித்தேன். மறுபடி கேட்கலாம். ஆனால் என்ன சொல்லிக் கேட்பது? ‘ஒருவருக்கு இன்சுலின் தேவை’ என்றால், யாருக்கு என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இருக்கிறவர்களும் வாய் திறக்கமாட்டார்கள். வருத்தம் என்பது நம்மிடையே ஒரு வதந்தி மாதிரி. முதலில் சொல்பவன்தான் மாட்டுவான். அப்படியென்றால் முதலில் சொல்பவன், மாட்டினாலும் பரவாயில்லாதவனாக இருக்கவேண்டும். அந்த முகாமில் சம்பந்தச் சந்தையில் விலையே இல்லாத ஆள் ஒருவன்தான் இருந்தான். ஐம்பதைத் தாண்டியவன், தலைமயிர் போனவன், பாதி முதுகு போனவன்.

தோசை சுட்டுக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினேன்.

“தண்ணி இன்னும் வடியேல்ல. தடி சரிஞ்சிருந்தது, நான் சரியாப் பாக்காமல் விட்டிட்டன். இண்டைக்கும் சும்மாதான். ஆனால் அதில எனக்கு ஒரு சிக்கல். எனக்குச் சீனி வருத்தம். இன்சுலின் போடுறனான். பிரிட்ஜுக்குள்ள வைச்சது உறைஞ்சு பழுதாப் போச்சு.”

பத்மா அக்காவின் தோசைக்கரண்டி நின்றுவிட்டது. பிரிட்ஜின் எண்ணைத் திருப்பியது யார் என்று அவருக்குத் தெரியும்.

“வெக்கத்தில முந்திச் சொல்லேல்ல,” என்று முடித்தேன். “ஆரிட்டயாவது இருந்தால், வந்து தனியாச் சொன்னால் போதும்.” சொல்லிவிட்டு என் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

தோசை கருகும் மணம் வந்தது. அதற்குப் பிறகு பத்மா அக்கா வந்தார். கைப்பையை மார்போடு அணைத்திருந்தார். உள்ளே, குளிர் உறைக்குள், பிரிக்காத பெட்டி.

“இந்தாரும். நான் எப்பவும் ரெண்டு மடங்கு கொண்டு வாறனான்.” குரலைத் தாழ்த்தினார். “பெட்டையின்ர தேப்பனுக்கு மட்டும் தெரியக்கூடாது, சொல்லிப்போட்டன். பரம்பரை பரம்பரையா ஒரு வருத்தமும் இல்லாத குடும்பம் அது. ‘மாப்பிள்ளையின்ர தாய்க்குச் சீனி’ எண்டு பின்னடிச்சாலும் பின்னடிப்பினம்.”

என் முகத்தை அந்த நேரத்தில் எப்படி வைத்திருந்தேன் என்பது இன்றைக்கும் எனக்குப் பெருமை தரும் விஷயம்.

மருந்தகச் சீட்டைக் கிழித்த பெட்டியோடு அண்ணையை மறுபடி தனியே கூட்டிப்போய், யார் தந்தது என்று கேட்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மருத்துவரைக் கூப்பிட்டேன். மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னார். பிரிக்காததா, குளிரில் இருந்ததா, புது ஊசி இருக்கிறதா, அவர் வழக்கமாக எவ்வளவு போடுவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணை போடும் அதே வகைதான். ஒருவேளை வேறு வகையாக இருந்திருந்தால் ஹெலிகொப்ரரைக் கூப்பிட்டிருப்பேன், சம்பந்தம் வானத்தில் பறந்திருக்கும். நீங்களாக இதை முடிவு செய்யாதீர்கள். மருந்து விஷயத்தில் என் தைரியம் எல்லாம் அந்தத் தொலைபேசிக்கு மறுமுனையில் இருந்தது. மருத்துவர் சரி என்றார். அண்ணை ஊசியைப் போட்டார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளவைச் சொன்னோம். பின்னேரம் அவர் முகத்தில் நிறம் திரும்பியது.

நிறத்தோடு நாக்கும் திரும்பியது. மாலைத் தேநீரில் நான் சீனி போடப் போனபோது பத்மா அக்கா பாய்ந்து சீனிப் பேணியைப் பறித்தார்.

“என்ன வேலை பாக்கிறீர்!”

“ஓம் தம்பி,” என்றார் சிவநேசன் அண்ணை, கூச்சமே இல்லாமல். “இந்த வயசில கவனமா இருக்கவேணும். அந்த வாழைப்பழத்தையும் வையும்.”

நான் வைத்தேன். அவர் அதைத் தின்னவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் தண்ணீர் உண்மையாகவே இறங்கியது. கறுத்த சேறும் செத்தையும் ஒழுங்காக வரிசையில் கிடந்தன. ஓடையில் நான் குறுக்கே நடந்து பார்த்துக்கொண்டிருந்தபோது தாரணி கரையில் வந்து நின்றாள்.

“அங்கிள், தாங்ஸ். அது அப்பாவுக்குத்தானே?”

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

“டோன்ற் வொறி. கிரிஷ் அவன்ர அம்மாவுக்கு இருக்கெண்டு எனக்கு எப்பவோ சொன்னவன். நானும் அப்பாவுக்கு இருக்கெண்டு சொன்னனான். செக்கன்ட் டேற்றிலயே.”

“அப்ப ஏன் பிள்ளை ரெண்டு பேரும் வாயைத் திறக்கேல்ல? நான் வாழைப்பழமும் தின்னாமல் இருக்கிறன்.”

“அவையாச் சொல்லட்டும் அங்கிள். நாங்கள் சொன்னால் ரெண்டு பேருக்கும் அவமானமாப் போம்.”

நான் முந்தின நாள் அறிவித்த பொய்யைவிட அது நல்ல தீர்ப்பு. என் வயதில் பாதி அவளுக்கு. ஓடையைக் கடந்து வந்தோம். அண்ணை வழக்கம்போல முதலில் இறங்கி இரண்டு தரம் நடந்து பார்த்தார். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் எந்தப் பயணத்துக்கும் வருத்தத்தைப் பற்றிக் கூட்டத்தில் கேட்டதில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, “காலமை எழும்பினால் முதல் என்ன குளிசை போடுவியள்?” என்று, போடுவது இயல்பு என்பது போலக் கேட்பேன். ‘வருத்தம் இருக்கிறதா’ என்றால் இல்லை என்பார்கள். ‘என்ன குளிசை’ என்றால் மாத்திரைப் பட்டியலே வரும். தங்கள் வண்டியில் தனிப் பிரிட்ஜ் இல்லாத குடும்பங்களுக்கு ஒரு சின்ன மருந்துப் பெட்டியைப் பூட்டோடு கொடுத்தேன். யாருக்கு உள்ளே என்ன என்பது எனக்கு மட்டும் தெரியும். தோசை மாவைத் தடைசெய்ய ஒருமுறை முயன்றேன். அது மட்டும் நடக்கவில்லை.

கலியாணம் கேரம் டவுன்ஸ் கோவிலில் நடந்தது. எனக்கு முதல் வரிசையில் இடம், பிறகு சாப்பாட்டில் இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவே கதிரை. மரியாதைக்காகப் போட்டார்கள் என்று நினைத்தேன். பாயச வாளியோடு ஒரு பெடியன் வந்தான். என் கப்பை நீட்டினேன். பத்மா அக்காவின் கை வந்து அதை மூடியது.

“உவருக்கு வேண்டாம் தம்பி. சீனி.”

“ஓம், பாவம்,” என்றார் மறுபக்கமிருந்து சிவநேசன் அண்ணை. “பாலைவனத்தில ஊசியோட கஷ்டப்பட்ட மனிசன்.”

பெடியன் அக்காவின் பக்கம் வாளியைத் திருப்பினான்.

“எனக்கும் வேண்டாம்,” என்றார் அக்கா. “பக்கத்தில இருக்கிறவர் பாத்துக்கொண்டிருக்க நான் குடிச்சால் அது பாவம்.”

“சம்பந்தி சொல்லுறது சரி,” என்றார் அண்ணை, தன் கப்பைக் கவிழ்த்தபடி. “உவர் குடிக்காமல் நானும் குடிக்கமாட்டன்.”

இருவரும் என் தலைக்கு மேலால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படிப்பட்ட நல்ல குடும்பத்தில் சம்பந்தம் செய்திருக்கிறோம் என்ற பெருமிதம் இரண்டு முகங்களிலும் தெரிந்தது. பெடியன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனான். முந்திரிகையும் சவ்வரிசியும் மிதக்க, ஏலக்காய் மணத்தோடு, அது போவதை, அந்த வரிசையில் இரத்தத்தில் சீனி சரியாக இருந்த ஒரே ஆளான நான், வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.